பஞ்சாமிர்தம் குடித்த பலகை

போன வாரம் எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு புது மெஷின் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் என் கண் தானாக எறும்பைத் தேடியது. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

உயர்தரம் படிக்கிற நாளில், பள்ளிக்கூட லீவுக்கு, கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பழக என்னை எடுத்திருந்தார்கள். தேயிலை பெக்டரியில் கழிக்கிற தூசியையும் நாரையும் மரவள்ளி மாப் பசையில் குழைத்து, சூட்டில் அழுத்திப் பலகை செய்வதுதான் வேலை. கேட்க என்னமோ பெரிசாக இருக்கும். பார்த்தால் அடிப்பிடித்த ரொட்டிதான். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, எவ்வளவு குடித்திருக்கிறது என்று நிறுத்துப் பார்க்கணும். ஊறாமல் நின்றால் கடைசி நாள் கூட்டத்தில் நான் மேடையேறிப் பேசலாம்.

அப்பாவுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து பெக்டரியில்தான் வேலை. "குப்பையக் கொண்டுபோயி குப்பை செய்றதுக்கு ஒரு கெம்பஸா? இது சரிவராட்டி பேசாம கொழும்புக்குத் துணிக்கடைக்குப் போயிரு," என்று கண்டிஷனாகச் சொல்லிவிட்டார். மஸ்கெலியாவில் எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் அப்போது கொழும்பில் சேலை மடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சேலை மடிக்கவும் வராது.

ஒரு சனிக்கிழமை, பெருமைக்குப் பலகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் தோட்டத்தில் புதுசாக எது வந்தாலும் மாரியம்மன் காலடியில் வைத்து எடுக்காமல் புழங்கமாட்டார்கள். லொறியானாலும் சரி, பரீட்சைப் பேனாவானாலும் சரி. மறுநாள் நான் எழும்பு முன்னமே அம்மா பலகைகளைத் தாம்பாளத்தில் அடுக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டாள். அன்றைக்குப் பார்த்து அபிஷேகம். பூசாரி மாமா கைக்கு வஞ்சகமே கிடையாது. பால், மஞ்சள், பஞ்சாமிர்தம் எல்லாம் அம்மனுக்குப் பாதி, என் பலகைக்குப் பாதி.

"என்னாம்மா இது?" என்றேன், அழாத குறையாக.

"பேனாவ வச்சு எடுத்தப்ப பேசாமதானே இருந்த? இதும் படிப்புத்தானே," என்றாள் அம்மா.

துடைத்து எடுத்துக்கொண்டு போய், திங்கட்கிழமை ஊறப்போட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் பாத்திரத்தில் பாயாசம். எறும்பு வரிசை தராசு வரைக்கும் போயிருந்தது. ஆராய்ச்சி பழக்கின எங்கள் சேர், சிங்களவர், குனிந்து பார்த்தார், மோந்தும் பார்த்தார். எனக்குத் துணிக்கடை வாசலே தெரிந்தது. வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன்.

சேர் பலகை அழுத்துகிற மெஷினின் காலைக் காட்டினார். பௌத்தர்களின் பன்சலையில் பிரித் ஓதிக் கொடுக்கிற வெள்ளை நூல் அதில் கட்டியிருந்தது.

"எங்க அம்மா கட்டினது. ஆனா நூல் வெளியதான் இருக்கு, உள்ளுக்குப் போடல," என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். "திரும்பச் செய்ங்க. மொதல்ல தண்ணி, பொறகு சாமி."

செய்தேன். புதுப் பலகை ஊறாமல் நின்றது. கூட்டத்துக்கு அப்பா வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். பாயாசக் கதையையும் சொல்லத்தான் வேணும் என்று சேர் ஒற்றைக் காலில் நின்றார். சொன்னேன். மண்டபமே சிரித்தது, அப்பாவைத் தவிர. திரும்பி வரும்போது, பஸ் ஹட்டன் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார், "எறும்பு ஏறாத மாதிரி ஒண்ணு செய்ய முடியாதா?" துணிக்கடைப் பேச்சு அதோடு நின்றது.

அந்தப் பழைய மெஷினை எப்போதோ கழித்துவிட்டார்களாம், நூலோடு சேர்த்து. எங்கள் லயத்தையும் இடித்தாயிற்று. போன வாரம் யாரும் பார்க்காத நேரம், புது மெஷினின் காலில் ஒரு மஞ்சள் பொட்டு வைத்தேன். "பஞ்சாமிர்தம் மட்டும் வேணாம்மா," என்று சொல்லியும் பார்த்தேன். சண்டைக்கு வர அம்மா இல்லை.