திரும்பி நின்ற பாவாத்தாள்

பல்லடத்துக்கு மேற்கே ஒரு ஊரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் தறிக் குடோன் பக்கம் போகிறவர்கள் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். ஓடாத தறிகளுக்கு நடுவில் ஒரு பெண் சுவரைப் பார்த்து நிற்பாள். மறு கோடியில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, அவள் முதுகைப் பார்த்துப் பேசும். பேச்சு காதில் விழுந்தால் திரும்புவாள். விழாவிட்டால் திரும்ப மாட்டாள். அங்கே பாடம் அவ்வளவுதான்.

அவள் பெயர் பாவாத்தாள். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள். வாசிக்கச் சொல்லி எழுப்பிய வாத்தியார் முன்னால் வாய் திறக்க முடியாமல் நின்றுவிட்டு, மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் வந்து கேட்கவும் இல்லை.

மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே அவள் அந்தக் குடோனில் தறி ஓட்டுகிறாள். புருஷன் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். அதனால் மகள் மோகனப்பிரியாவைக் குடோன் மூலையில் தொட்டில் கட்டித்தான் வளர்த்தாள். பன்னிரண்டு தறிகள் சேர்ந்து ஓடும்போது காதோடு வந்து கத்தினாலும் கேட்காது. ஆகவே தறி ஓட்டுகிறவர்கள் கத்துவதில்லை. வாயை மட்டும் நன்றாக அசைப்பார்கள். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மத்தியானக் குழம்பிலிருந்து ஊர்ச் சண்டை வரைக்கும் எல்லாம் அப்படித்தான் பேசி முடியும். மோகனப்பிரியா பேசக் கற்றதும் அங்கேதான்.

தொண்ணூற்றைந்தில் அவள் ஐந்தாம் வகுப்பு. எதைக் கொடுத்தாலும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவாள் என்பதால், ஆண்டு விழாவில் தண்ணீரின் அருமை பற்றிப் பேச ராசம்மாள் டீச்சர் அவளைத் தேர்ந்தெடுத்தார். ஒத்திகையில் வாய் அசைந்ததே தவிர ஒரு சத்தமும் வரவில்லை. பிள்ளைகள் அன்றைக்கே அவளுக்கு ‘ஊமைப்படம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். டீச்சர் பாவாத்தாளை வரவழைத்து, பிள்ளை ரொம்பப் பயப்படுகிறாள், திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்க்கிறேன், அப்போதும் இப்படியென்றால் வேறு பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

பாவாத்தாளுக்கு நம்பவே முடியவில்லை. வாரம் முழுக்கத் தறிக்குப் பக்கத்தில் நின்று ஒரு சொல் பிசகாமல் தன்னிடம் ஒப்பித்த பிள்ளை அது. ஆனால் அன்று சாயங்காலம் மோகனப்பிரியா புத்தகப் பையை மூலையில் போட்டுவிட்டு, இனிமேல் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றாள். அந்த வார்த்தை பாவாத்தாளுக்குப் புதிதல்ல.

ஞாயிற்றுக்கிழமை தறிகளுக்கு லீவு. பாவாத்தாள் மகளைக் குடோனுக்கே கூட்டிப்போனாள். மெக்கானிக் பஷீர் ஒரு தறிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். மோகனப்பிரியா அம்மாவுக்கு நேராக நின்று முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள்.

“அம்சமாச் சொல்லீட்ட கண்ணு,” என்றாள் பாவாத்தாள்.

தறிக்கு அடியிலிருந்து பஷீரின் குரல் வந்தது. “ஏனுங்க்கா, புள்ள எப்பத்தான் ஆரம்பிக்கும்? நானும் அப்பப் புடிச்சுக் காதைத் தீட்டீட்டுக் கெடக்கறேன்.”

“அதான் சொல்லி முடிச்சுப்போட்டாளே பஷீரு.”

“எங்கீங்க? எம்பட காதுல ஒண்ணும் உளுகலீங்க்கா.”

அப்போதுதான் பாவாத்தாளுக்கு உறைத்தது. தறிகள் ஓடவில்லை, குடோன் அமைதியாக இருக்கிறது, ஆனாலும் மகள் சொன்னதை அவள் காதால் கேட்கவில்லை, உதட்டைத்தான் பார்த்திருக்கிறாள். ஒரு வாரமாகப் பாராட்டியதெல்லாம் அந்த உதட்டைத்தான்.

மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றாள். “இப்பச் சொல்லு அம்மணி. எம்பட காதுல உளுந்தாத்தான் திரும்புவேன்.”

பாவாத்தாள் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பஷீரும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். கடைசியில் அழுகையும் கோபமுமாக ஒரு குரல் வந்தது: “திரும்பும்மா.”

பாவாத்தாள் திரும்பினாள். “இதே கொரல்தான் கண்ணு. இதுலயே சொல்லு.”

மத்தியானத்துக்குள் நாலு தடவை சொல்லியாயிற்று. வாசலில் எட்டிப் பார்த்த மற்ற தறிக்காரர் பிள்ளைகள் இரண்டு, தங்களுக்கும் ஒரு தடவை திரும்பி நிற்கச் சொல்லிக் கேட்டன. திங்கட்கிழமை டீச்சர் அரை மனதோடுதான் தலையாட்டினார்.

விழாவன்று ஊரே மைதானத்தில் உட்கார்ந்திருந்தது. மோகனப்பிரியா மைக் முன்னால் வந்து வணக்கம் சொன்னாள், இரண்டு வரி சொன்னாள். பிறகு கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை கண்களும் தன் வாயையே பார்ப்பது தெரிந்ததும் குரல் நின்றுபோயிற்று. உதடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து யாரோ ‘ஊமைப்படம்’ என்றார்கள். நாலாவது வரிசையில் இருந்த பாவாத்தாளுக்கு மட்டும் தெரிந்தது, பிள்ளை ஒரு சொல்லையும் மறக்கவில்லை என்று.

அவள் எழுந்தாள். மேடைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“ஏனுங் அம்மணி, மறைக்குதுங்க, உக்காருங்க,” என்றது ஒரு குரல். பெத்த பிள்ளை பேசும்போது இவள் எங்கே புறப்பட்டுவிட்டாள் என்று இன்னொருத்தி பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். பாவாத்தாள் உட்காரவில்லை. மேடைக்கு முதுகைக் காட்டியதில் இப்போது மொத்தக் கூட்டமும் அவளுக்கு நேர் எதிரில் இருந்தது. ஒரு வாத்தியார் முன்னால் வாய் திறக்க முடியாமல் படிப்பையே விட்டவள் அவள். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதுகுக்குப் பின்னால் மைக் கீச்சிட்டது. பிறகு மகளின் குரல் வந்தது. முதலில் மெல்ல, அப்புறம் கொஞ்சம் அதிகமாகவே சத்தமாக. ஆறு, குளம், மழை என்று போய், கடைசிப் பத்தியில் நிஜமாகவே மறந்துவிட்டது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, தாளில் இல்லாததைச் சொன்னாள்: “எங்க ஊட்டுக்கு நாலு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி வருதுங்க. அன்னைக்குனு பாத்துத்தான் எங்கம்மாவுக்கு சிப்டு இருக்குதுங்க.” கூட்டம் சிரித்தது. பெண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது.

காதில் விழுந்தால் திரும்ப வேண்டும் என்பதுதான் பேச்சு. பாவாத்தாள் இன்னும் கொஞ்ச நேரம் திரும்பாமலே நின்று கேட்டாள். மகளின் வாய் அவளுக்குப் பத்து வருடப் பழக்கம். இந்தக் குரல் இன்னும் புதிது.

மகள் நன்றி சொல்லும்போது திரும்பினாள். மோகனப்பிரியா மைக்கை விட்டு ஒரு அடி தள்ளி நின்று, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள்: “கேட்டுச்சா?”

நாலாவது வரிசையிலிருந்து பாவாத்தாளும் அப்படியே சொன்னாள்: “கேட்டுச்சு.”