மீன் அவருக்கு, ஆணம் எனக்கு

சென்ற வருடம் கொழும்பில் எனக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் ஒப்பரேஷன் நடந்தது. முதலில் நீராகாரம், பிறகு மெல்ல மெல்ல மீன், முட்டை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நீராகாரம் சுகமாக இறங்கியதால் நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

ஆரையம்பதியில் எங்கள் வீட்டில் மீனுக்குக் குறைவில்லை. கணவர் வாவியில் வலை போடுகிறவர். தினமும் எனக்கென்று ஒரு மீனை ஒதுக்கிக் கொண்டுவருவார். மிளகு போட்டு ஆணம் காய்ச்சி, அந்தச் சாற்றை மட்டும் நான் குடித்துவிட்டு, துண்டுகளை அவருடைய சோற்றுக் கோப்பையில் வைப்பேன். சத்தெல்லாம் ஆணத்தில் இறங்கிவிடும் என்று நம்பினேன். துண்டை ஆம்பிளைக்கு வைத்தே பழகிய கை வேறு.

நான் மெலிந்ததை எல்லோரும் மெச்சினார்கள். எனக்கோ முற்றம் கூட்டவும் முடியவில்லை. தலைமயிர் கொத்தாகக் கழன்றது, கால் வீங்கியது. ஒருநாள் கிணற்றடியில் வாளியோடு விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்த டொக்டர், புரதம் மிகக் குறைவு என்றார்.

"மீன் சாப்பிடுறல்லியா?" என்று தாதி மிஸி கேட்டார்.

"ஆணம் குடிக்கிறன் மிஸி."

"அப்ப மீன ஆரு தின்னுற?"

பக்கத்தில் நின்ற கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தான் மிஸி."

இப்போது முதலில் மீன்தான். ஆணம் அரை மணி கழித்து. சிறு துண்டை மென்று முடிப்பதற்குள் அலுத்து அழுகை வந்துவிடும். அவர் எதிரே இருந்து முள் எடுத்துத் தருகிறார். நான் முடிக்கும்வரை தன் சோற்றில் கை வைப்பதில்லை.