கொள்ளிடத்தில் மாட்டிய படுக்கை வண்டி

மணலைப் பற்றி மாமாவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பதை எங்கள் வீட்டில் முதலில் நம்பியவர் மாமாதான். என் அம்மாவின் தம்பி. வளைகுடா நாட்டில் பதினோரு வருடம், வெள்ளைக்காரர்களை ஜீப்பில் உட்கார வைத்துப் பாலைவன மேடுகளில் ஏற்றி இறக்குவதுதான் அவருடைய வேலை. எங்கள் ஊர் முஸ்லிம் தெருக்களில் வெளிநாட்டுப் பிழைப்பைச் 'சபர்' என்போம். அந்தச் சபருக்கு முழுக்குப் போட்டுவிட்டு அவர் ஊரோடு வந்தபோது எனக்குப் பத்து வயது.

வந்த கையோடு, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய வேன் ஒன்றை வாங்கினார். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவரே அளவெடுத்துப் பொருத்தினார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அதில் ஏற்றி ஆறு, கடற்கரை என்று கூட்டிப் போய் அங்கேயே தங்க வைப்பது அவர் திட்டம். முதல் கூட்டம் அடுத்த வாரமே சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. "இது ஓடிச்சுன்னா ஊரோட இருப்பேன். இல்லேன்னா மறுபடி விசாதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

நான் விசாவின் பக்கம் இருந்தேன். மாமா விடுமுறையில் வந்தால் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள் வரும். சாக்லேட், கலர் பென்சில், தலைகீழாகப் பிடித்தால் கண்ணை மூடும் பொம்மை. ஊரோடு இருந்துவிட்ட மாமாவிடமிருந்து என்ன வரும்? இதை யாரிடமும் சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

வெள்ளோட்டத்துக்கு மாமா தேர்ந்தெடுத்த இடம் கொள்ளிடம். அப்பாவை நான் கூப்பிடுவது 'அத்தா' என்று. அத்தா, "ஆத்துக்குள்ள எதுக்குடா வண்டி?" என்று கேட்டுவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டார். மாமா, மாமி, நான் மூன்று பேர் மட்டும் கிளம்பினோம். கரையில் ஒரு ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு, மேலே தண்ணீர் திறந்திருக்கிறார்கள், யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனது. "அது வந்து சேர சாயங்காலம் ஆவும்" என்றார் மாமா, அணையிலிருந்து அவருக்குத் தனியாகப் போன் வந்தது போல.

டயரில் பாதிக் காற்றை இறக்கினார். அப்போதுதான் வண்டி மணலில் புதையாதாம். உண்மையில் புதையவும் இல்லை. ஆற்றின் நடுவே இருந்த மணல் திட்டுவரை வண்டி ஜோராகப் போனது. மாமி வண்டிக்குள்ளேயே டீ போட்டார். நாங்கள் குடித்து முடிப்பதற்குள் தாழ்வான இடங்களில் மணல் கறுத்து ஈரம் கசிந்தது. பிறகு ஒரு பக்கமாக, நுரையும் குப்பையுமாகத் தண்ணீர் வந்தது.

மாமா பதறிப்போய் வண்டியைக் கரைப் பக்கம் விரட்டினார். பாதி வழியில் பின்சக்கரங்கள் இறங்கின. அவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி உட்கார்ந்துகொண்டே போனது. கரைக்கு அந்தப் பக்கம் வயலில் சேற்றுழவு ஓடும் டிராக்டர் சத்தம் கேட்டது. "ஓடிப்போய் அந்த டிராக்டரக் கூட்டிட்டு வா, புள்ள!" என்று கத்தினார்.

ஓடினேன். ஆனால் கரைமேல் ஏறியதும் நின்றேன். வண்டி போனால் விசா. விசா வந்தால் பெட்டி. எத்தனை நேரம் நின்றேன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. திரும்பிப் பார்த்தபோது, மாமா அளந்து அளந்து தைத்த மெத்தையை மாமி வெளியே இழுத்துப் போட்டுச் சக்கரத்துக்கு அடியில் திணித்துக்கொண்டிருந்தார். புடவையைத் தூக்கிச் செருகி, சோற்றுத் தட்டால் மணலைத் தோண்டினார். வெட்கமா பயமா தெரியவில்லை, மறுபடி ஓடினேன்.

டிராக்டர்காரர் உழவை அப்படியே விட்டுவிட்டு வந்தார். சேற்றுக்கென்று மாட்டிய இரும்புக் கூண்டுச் சக்கரம் ஈர மணலில் கவலையே இல்லாமல் இறங்கியது. "ரேஸ் குடுக்காதீங்கண்ணே! இது ஒங்க பாலைவனம் இல்ல. அடியில தண்ணி ஓடுது, ஆட்ட ஆட்ட உள்ளதான் போவும்" என்றார். மாமா இஞ்சினை அணைத்தார்.

முதல் இழுப்பில் கயிறு அறுந்தது. தண்ணீர் மாமியின் முழங்காலைத் தொட்டது. "வண்டி போனாப் போவுது, ஏறி வாங்கண்ணே" என்றார் டிராக்டர்காரர். மாமா கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மாமி வெளி ஆண்களிடம் தலை நிமிர்ந்து பேசமாட்டார். அன்று பேசினார். "கயித்த ரெட்டையாப் போட்டு இன்னொரு தடவ இழுங்கண்ணே. வரும்."

"அக்கா, தண்ணி ஏறுது."

"ஏறட்டும். இழுங்க."

சொல்லிவிட்டுக் குனிந்து மறுபடி தோண்டினார். மாமாவும் குனிந்தார். நான் அறுந்த கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது இழுப்பில் வண்டி முனகியது, பின்னுக்கு ஆடியது, சேற்றைக் கக்கிக்கொண்டு மேலே வந்தது. மெத்தை ஆற்றோடு போயிற்று. நாங்கள் கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, டீ குடித்த திட்டு அங்கே இல்லை.

மாமி கரையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார். நகக்கண்ணெல்லாம் ரத்தம். நான் பக்கத்தில் போய், "இனிமே மாமா சபர் போமாட்டாங்களா, மாமி?" என்று கேட்டேன்.

"மாட்டாங்க. எங்கயும் போமாட்டாங்க."

ஓவென்று அழுதுவிட்டேன். மாமி என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். "பாருங்க, புள்ளைக்கி ஒங்க மேல எவ்ளோ பாசம்னு" என்று மாமாவிடம் சொல்லித் தானும் அழுதார். போன மாதம் என் நிச்சயத்துக்கு வந்தவர்களிடம்கூட அந்தக் கதையைச் சொன்னார். நான் திருத்தவில்லை.

அவர்களுக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு வருடம். அதில் இருவரும் சேர்ந்து இருந்தது மூன்று விடுமுறைகள்தான் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. அந்த விடுமுறைகளிலும், பெட்டியைப் பிரிக்கச் சொல்லி அவர்கள் அறைக் கதவை விடாமல் தட்டிக்கொண்டிருந்தவள் நான்தான்.