சிரிக்காமல் படி

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியின் மேல் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதன்மேல் கிடக்கும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால் உள்ளே வண்டு புகுந்ததுபோல் டின் முழுவதும் அதிரும், அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள். அம்மாவுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. அப்பாவின் கைப்பேசியிலோ தமிழ் எழுத்து கிடையாது. அதனால் தெற்கே ஜொகூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா மலாயில் அனுப்புவதை, வடக்கே ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டிலிருந்த அம்மாவுக்குத் தமிழில் சொல்வது என் வேலையாயிற்று.

அதற்குமுன் அப்பா சனிக்கிழமைதோறும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கனத்த குரல் பக்கத்து வீட்டு சல்மா அக்காவுக்கும் கேட்கும். திடீரென்று அழைப்பு நின்று, 'சிஹாட். கெர்ஜா பாஞாக்' என்று மட்டும் வரத் தொடங்கியது. நலம், வேலை அதிகம் என்று நான் மொழிபெயர்த்தேன். அம்மா மறுபடியும் படிக்கச் சொன்னாள். அவள் மனம் குளிரட்டும் என்று சிரித்த முகத்தோடு படித்தேன்.

"சிரிக்காமப் படி. உங்கப்பா சிரிச்சுக்கிட்டு எழுதினாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சிரிக்காமல் படித்தேன். அதே இரண்டு வரி, ஆளை வெட்டிவிடுவதுபோல் கேட்டது. அம்மாவின் முகம் இருண்டது. அவள் கூப்பிட்டால் அப்பா எடுப்பதில்லை; சற்றுப் பொறுத்து, வேலையிடத்தில் ஒரே சத்தம் என்று எழுத்தில் பதில் வரும். "பேச முடியாத எடத்துல எழுத மட்டும் முடியுதோ?" என்று அம்மா டின்னைப் பார்த்துக் கேட்பாள்.

கடைசியில் படம் கேட்டாள். அப்பாவோடு வேலை செய்த மணியம் அங்கிள், படம் பார்க்க வசதியிருந்த சல்மா அக்காவின் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினார். அப்பா சுவரோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, நல்லாத்தானே இருக்காரு லா," என்றார் சல்மா அக்கா.

அம்மா படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "கழுத்து பட்டன் போட்டிருக்காரே. கல்யாணத்துக்கே போடாத மனுசன்."

"பட்டன்தானே? குளிரா இருந்திருக்கும்."

"ஜொகூர்ல என்னாக்கா குளிரு? யாரோ ஒருத்தி போட்டுவிட்டிருக்கா."

அடுத்த வாரம் பள்ளிக்கு விடுமுறை சொல்லிவிட்டு, காலை பஸ்ஸில் என்னையும் ஏற்றிக்கொண்டு அம்மா கிளம்பினாள். எந்த நேரமும் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறோம் என்று நானும் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் தொழிலாளர் குடியிருப்பில் கதவைத் திறந்தவர் அப்பாதான். அம்மா அவரைப் பார்க்காமல், அவர் தோளுக்குப் பின்னால் அறையைத் துழாவினாள். இரண்டு மெத்தைகள், கொடியில் ஆண்களின் துணி, முழித்துக்கொண்டு நின்ற மணியம் அங்கிள். வேறு யாருமில்லை.

அப்பா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அப்போதுதான் கழுத்தில் ஒட்டியிருந்த பெரிய வெள்ளைக் கட்டு எங்கள் கண்ணில் பட்டது.

"தொண்டையில கட்டி, அக்கா. ஆப்பரேசன் பண்ணி எடுத்தாச்சு," என்றார் மணியம் அங்கிள். "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அப்பா கிசுகிசுத்தார்: "ஃபோன்ல பேசினா... கண்டுபிடிச்சிடுவ."

"கண்டுபிடிச்சா என்னாங்க? நான் என்னென்ன நெனச்சிட்டேன் தெரியுமா!" அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெண்ணில்லை என்ற நிம்மதியும் கட்டி என்ற பயமும் அந்த அழுகையில் கலந்திருந்தன என்று இன்று நினைக்கிறேன்.

அப்பா பிழைத்து ஊர் திரும்பினார், பழைய குரல் திரும்பவில்லை. அம்மாவின் சந்தேகமும் போகவில்லை. இப்போது பிறை என்ற ஊரில் வேலை முடிந்து 'ஓகே, வர லேட்டாகும்' என்று நான் அனுப்பினால் உடனே கூப்பிடுகிறாள். குரல் கேட்டபின் "மூஞ்சக் காட்டு" என்கிறாள். காட்டினால், "பின்னாடி யாரு?" அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அப்பாவின் பழைய குரலை யாரும் பதிவுசெய்து வைக்கவில்லை. போன தீபாவளிக்கு என் மகள், தாத்தா முன்பு எப்படிப் பேசுவார் என்று கேட்டாள். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, நெஞ்சைத் தூக்கி, அப்பா தன்னைக் கூப்பிடும் விதமாய், "ஏய் தேவி! சாப்ட்டியா லா?" என்று முழங்கினாள். எல்லோரும் சிரித்தோம்.

"நான் இப்படியா பேசினேன்?" அப்பா நம்பாமல் கரகரத்தார்.

அம்மா சாட்சிக்கு என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றேன். ஆனால் எவ்வளவு தேடியும் எனக்கு அப்பாவின் குரல் கிடைக்கவில்லை. அம்மா அப்போது பேசிக் காட்டியதுதான் காதில் இருந்தது.