கரைச் சீட்டும் தோணிச் சீட்டும்

பேரப்பிள்ளைகளே, பரீட்சை நெருங்கிவிட்டால் நீங்கள் இருவரும் மூன்று நிறப் பேனாவோடு உட்கார்ந்துவிடுகிறீர்கள். ஒரு வரிக்குப் பச்சை, ஒரு வரிக்குச் சிவப்பு. புத்தகம் முழுக்க வண்ணமானதும் படித்தாயிற்று என்று எழுந்துவிடுகிறீர்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். படிப்பைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் படிப்பது எப்படி என்பதை ஒருத்தி கண்டுபிடித்தபோது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதைக் கிட்டத்தட்டக் கெடுத்தும் வைத்தேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. எழுபதுகளில் நடந்தது. தூத்துக்குடியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். பி.யு.சி. என்ற ஒரு வருஷப் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

பதினோரு வருஷம் தமிழில் படித்தவளுக்குக் கல்லூரியில் எல்லாமே இங்கிலீஷ். மேடம் உள்ளே வந்து, நாற்பத்தைந்து நிமிஷம் நிற்காமல் பேசி, மணி அடித்ததும் போய்விடுவார்களாம். காதில் விழுந்ததில் பாதியை அக்கா ரஃப் நோட்டில் கிறுக்கிக்கொண்டு வருவாள். சாயங்காலம் கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, அதை அப்படியே ஃபேர் நோட்டில் எழுதுவாள். தலைப்புக்குச் சிவப்பு மை. அடிக்கோட்டுக்கு ஸ்கேல். விட்டுப்போன வரிகளுக்குத் தோழியின் நோட்டு. ஒரு பாடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் ஓர் எழுத்து பிசகினால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாள்.

அந்த நோட்டைப் பார்க்கவே பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவார்கள். அச்சுப் போட்ட மாதிரி இருக்கிறது என்பார்கள். அப்பாவுக்கும் அதில் பெருமை. அவருக்கு இங்கிலீஷ் பேச வராது. மூட்டைமேல் அச்சடித்த எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அந்த நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார். முதல் டெர்ம் தேர்வில் அக்கா மூன்று பாடத்தில் ஃபெயில் ஆனாள். அவ்வளவு அழகான நோட்டை வைத்துக்கொண்டு எப்படி ஃபெயில் ஆக முடியும் என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அவளுக்குமே விளங்கவில்லை.

அப்பா திட்டவில்லை. கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "அரையாண்டு வரைக்கும் பாப்போம். அதுலயும் இப்படித்தான்னா நிப்பாட்டிருவோம். மணப்பாட்டுக்காரங்க ரெண்டு தடவ கேட்டு விட்டுட்டாங்க."

மணப்பாடு என்ற ஊரிலிருந்து அக்காவைப் பெண் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை கப்பலில் வேலை. அன்றைக்கு அக்கா இன்னும் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஃபேர் நோட்டு எழுதினாள்.

அப்பா துறைமுகத்தில் டாலி பார்ப்பவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிற தோணிகளில் மூட்டை ஏற்றும்போது எண்ணுகிற வேலை. எண்ணுவதற்கு எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். கரையில் சரக்கு அனுப்புகிறவர் பக்கத்துக்கு ஒருவர், தோணிக்கு ஒருவர்; அப்பா கரைப் பக்கம். சுமைக்காரர்கள் மூட்டையோடு பலகைமேல் ஏறிப் போகப்போக, இருவரும் தனித்தனியே தங்கள் சீட்டில் கோடு போடுவார்கள். நான்கு நேர்கோடு, ஐந்தாவது குறுக்கே. நூறு மூட்டைக்கு ஒருமுறை இரண்டு சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் அடியில் கோடு கிழித்து மூடிவிடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்த நூறை மட்டும் மறுபடி எண்ணுவார்கள். முன்னால் ஒத்துப்போன நூறுகளை யாரும் தொடுவதில்லை.

ஒரு சனிக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது, தோணிப் பக்கம் எண்ணிக்கொண்டிருந்த புது ஆள் நடுவில் வெற்றிலை போடப் போய்க் கணக்கை விட்டுவிட்டான். திரும்பி வந்து அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அவர் சீட்டில் இருந்ததைத் தன் சீட்டில் எழுதிக்கொண்டான். அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை.

"ஏலே! என் சீட்டப் பாத்து எழுதுனா அது என் சீட்டுதாம்ல ரெண்டு. ஒன் சீட்டு எங்கலே?"

"அண்ணாச்சி, கணக்கு சரியாத்தான இருக்கு…"

"சரியா இருக்கா இல்லையான்னு எவனுக்குத் தெரியும்? பத்து மூட்ட கடல்ல விழுந்திருந்தாலும் ஒன் சீட்டு சரியாத்தாம்ல இருக்கும்."

எனக்கு அது நல்ல வேடிக்கை. சாப்பிடும்போது எழுந்து நின்று, வேட்டியை மடித்துக் கட்டுவது போலக் காட்டி, அப்பா மாதிரியே சொல்லிக் காண்பித்தேன். "ஒன் சீட்டு எங்கலே?" அம்மா சிரித்தாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னேன். அப்போதும் சிரிக்கவில்லை. குழம்பு ஊற்றிய சோறு அவள் தட்டில் அப்படியே இருந்தது.

மறுநாள் முதல் ஃபேர் நோட்டு பெட்டிக்குள் போய்விட்டது.

அவள் புதிதாகச் செய்தது இது. கல்லூரியிலிருந்து வந்ததும் ரஃப் நோட்டில் அன்றைய பாடத்தை ஒருமுறை வாசிப்பாள். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஓர் எண் போட்டு, இடதுபக்க ஓரத்தில் அதைப் பற்றி ஒரு கேள்வி எழுதுவாள். பிறகு நோட்டை என் கையில் கொடுத்துவிடுவாள். நான் ஓரத்தில் இருக்கும் கேள்வியை எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டும். அவள் நோட்டைப் பார்க்காமல் முதலில் தமிழில் பதில் சொல்வாள். பிறகு அப்பா கொண்டுவந்து போட்டிருந்த பழைய டாலித் தாள்களின் பின்பக்கத்தில் அதையே இங்கிலீஷில் எழுதுவாள். கடைசியில் நோட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பாள். வராததற்கு அவளே, "இது வரல, முட்டை போடு" என்பாள். நான் ஓரத்தில் முட்டை போடுவேன். மறுநாள் முட்டை விழுந்த கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்வாள். வந்துவிட்டால் முட்டையை அடித்துவிடுவாள். இரண்டாம் நாளும் வராததைத் தனியாகக் குறித்துக்கொண்டு போய் மேடத்திடம் கேட்பாள்.

எனக்கு அந்த உத்தியோகம் பிடித்திருந்தது. அவள் எட்டிப் பார்த்தால் நோட்டை மார்போடு அணைத்துக்கொள்வேன்.

"ஒரே ஒரு எழுத்து மட்டும் சொல்லுலே."

"முடியாது. முட்டைதான்."

"ஒனக்கு ஒரு முட்டாய் வாங்கித் தாரேன்."

"மொதல்ல முட்டாய், அப்புறம் எழுத்து."

அவள் என் தலையில் குட்டிவிட்டு முட்டையை வாங்கிக்கொள்வாள். முதல் வாரத்தில் ஒரு பக்கத்துக்குப் பாதிக்குமேல் முட்டைதான். நான் மிகவும் வட்டமாகப் போடுவேன்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிவப்பு மைப் புட்டி காய்ந்து கிடக்கிறது. ஃபேர் நோட்டில் அக்டோபருக்குப் பிறகு ஒரு வரி இல்லை. பெண் சுவரைப் பார்த்து முணுமுணுக்கிறாள், தாளில் கிறுக்குகிறாள், தம்பியோடு சிரிக்கிறாள், ஒரு மணி நேரத்தில் எழுந்து அம்மாவுக்கு மீன் கழுவப் போய்விடுகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஃபேர் நோட்டைக் கேட்ட அப்பா, வெறும் பக்கங்களைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கடைக்குப் போகும் வழியில் கேட்டார்.

"ஏலே, அக்கா படிக்காளா?"

நான் பொய் சொல்லாத பிள்ளை என்று வீட்டில் எனக்குப் பெயர் இருந்தது. அதைக் காப்பாற்றினேன்.

"படிக்காப்பா. ஆனா ஒண்ணும் ஞாபகம் இருக்க மாட்டேங்கு. நேத்து மட்டும் பதினாலு முட்ட. நாந்தான் போட்டேன்."

"பதினாலா?"

"முந்தாநாளு பதினேழு. தெரிஞ்ச பக்கத்தத் திரும்பப் படிக்கதே இல்லப்பா. தெரியாததத்தான் பாக்கா. அதுவும் வர மாட்டேங்கு."

நான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அடித்துப்போட்ட முட்டைகளை நான் எண்ணவில்லை. அடித்தது போனதுதானே என்று நினைத்திருந்தேன். அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. கடையில் எனக்கு ஒரு பொட்டலம் மக்ரூன் இனிப்பு வாங்கித் தந்தார். உண்மை சொன்னதற்கு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரத்திலேயே மணப்பாட்டுக்கு ஆள் போயிற்று. அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வரலாம் என்று சொல்லி அனுப்பினார் அப்பா. அரையாண்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எப்படியும் தேறப்போவதில்லை, எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். அம்மா சனிக்கிழமை காலையில்தான் அக்காவிடம் சொன்னாள்.

"அரையாண்டு வரைக்கும் பாப்போம்னாங்களே அப்பா?"

"என்னத்தளா பாக்க? ஒந்தம்பியே சொல்லிட்டான், ஒனக்கு ஒண்ணும் ஏறலன்னு."

அக்கா என்னைப் பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்து நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அவள் அடிக்கவில்லை. பெட்டியைத் திறந்து ரஃப் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அப்பா வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மதியம் அப்பா வந்து, சாப்பிட்டு, கை கழுவியதும் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, எனக்கு நீங்க டாலி பாக்கணும்."

"என்னளா சொல்லுத?"

"ரெண்டு பாடம். எந்த ரெண்டுன்னு நீங்களே எடுங்க. நான் பாக்காம எழுதுதேன். நீங்க நோட்டோட ஒத்துப் பாருங்க."

அப்பா ரஃப் நோட்டை வாங்கிப் புரட்டினார். "இது என்னளா, கோழி கிண்டுன மாதிரி? அந்த அழகான நோட்டு என்னாச்சு?"

"அது மேடத்தோட சீட்டுப்பா. நான் பாத்து எழுதுனது. என் சீட்ட நீங்க இன்னும் பாக்கல."

அப்பா சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கெமிஸ்ட்ரியில் ஒரு பாடம், பிசிக்ஸில் ஒரு பாடம், கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்து எடுத்தார். இரண்டிலும் சேர்த்து ஐம்பது விஷயம். கேள்வியை மட்டும் கூட்டி வாசித்துவிட்டு நோட்டைக் கவிழ்த்து வைப்பார். அவள் வரிசையாக எண் போட்டு எழுதுவாள். அவருக்கு அர்த்தம் தெரியாது. மூட்டையின் எழுத்தைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து ஒத்துப்பார்த்து, சொல்லில் வித்தியாசம் வந்தால் அவளைக் கேட்டுத் தெளிந்து, அப்புறம் ஒரு கோடு போடுவார். மூன்று மணி நேரம் ஆயிற்று. அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். முட்டை போடும் வேலையை அன்று அப்பா எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம்.

கடைசியில் அப்பா ஐந்து கோட்டுக் கட்டுகளை எண்ணினார். "ஒம்பது கட்டு, ரெண்டு கோடு. நாப்பத்தேழு." பென்சிலைக் காதில் செருகினார். "மூணு குறையுது."

"ஆமாப்பா. பதினொண்ணு, இருவத்தெட்டு, முப்பத்தாறு. எது குறையுதுன்னு எனக்குத் தெரியும். திங்கக்கெழம மேடத்துட்ட கேட்டுக்கிடுவேன்."

அப்பா அந்த மூன்று எண்களையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

"போன பரீட்சைக்கு எத்தன குறைஞ்சிச்சு?"

"தெரியாதுப்பா. அப்போ நான் எண்ணவே இல்ல."

அவர் எழுந்து, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். "மணப்பாட்டுக்கு இப்பமே ஆள் அனுப்பு. நாளைக்கு வரவேண்டாம். பரீட்சை முடியட்டும்."

"அய்யோ, வாரவங்களுக்கு விளமீன் சொல்லி வச்சிருக்கேனே!"

"நாம திம்போம்."

அரையாண்டில் அக்கா தேறியதும், அதற்குப் பின் படித்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்று மதியம் நடந்ததில் ஒன்றுதான் பாக்கி. நோட்டை மூடி வைத்துவிட்டு அக்கா கொல்லைப்பக்கம் போனாள். வெகுநேரம் வராததால் நானும் போனேன். துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, தாவணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. நான் பக்கத்தில் போய், பெரிய மனுஷன் மாதிரி அவள் முதுகில் தட்டினேன்.

"மூணுதானக்கா குறையுது. அடுத்த தடவ வந்துரும்."

அவள் அதைக் கேட்டு இன்னும் அதிகமாக அழுதாள். நடுவில் சிரித்தாள், மறுபடியும் அழுதாள். ஐம்பதில் மூன்று போனதற்கு யாராவது இப்படி அழுவார்களா என்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.