ஃபோன் ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கட்டும்

மழை ஆரம்பித்த புதிதில், ஒரு கல்லூரிப் பெண்ணை எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார வைத்து, அவள் ஃபோனை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன்.

அவள் செய்த குற்றம்? நன்றாக எழுதியது.

அவள் வாயிலிருந்து எனக்கு ஒரே ஒரு வாக்கியம் வர வேண்டியிருந்தது. 'ஆன்ட்டி, இது நான் எழுதினது இல்ல.' அதைச் சொல்லிவிட்டால் அவளுக்கு ஒரு சாயா கொடுத்து, நாலு புத்தி சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவசரப்பட்டு என்னைத் திட்டாதீர்கள். கதையைக் கேளுங்கள்.

சந்தேகப்படுவதில் எனக்கு வீட்டில் நல்ல பேர். 'இன்னிக்குப் பிடிச்சது' என்று மீன்காரர் சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவேன். 'ஒரிஜினல் ஏலக்காய்' என்று போர்டு வைத்த கடைக்குள் நுழைந்ததே இல்லை. ஒரிஜினல் என்றால் எதற்குப் போர்டு? கொச்சி மட்டாஞ்சேரியில் இத்தனை வருஷம் குடியிருந்தும் இந்தக் குணம் போகவில்லை. இங்கே குடியிருந்ததால்தான் வந்தது என்பார் என் கணவர்.

அதனால்தானோ என்னவோ, எர்ணாகுளத்தில் எங்கள் தமிழ் அமைப்பு கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தபோது, செயலாளர் என்னை நடுவராகப் போட்டார். அவர் ரிட்டயர்டு பேங்க் அதிகாரி. கறாரானவர். "மேடம், இப்ப பசங்க எல்லாம் மெஷின்கிட்ட கேட்டு எழுதறாங்க. நீங்கதான் கண்டுபிடிக்கணும். யாராவது மாட்டினா நான் காலேஜுக்கே தெரியப்படுத்திடுவேன்!"

தலைப்பு எளிமையானது. 'நான் தினமும் போகும் வழி.' ஜெயித்தவருக்கு அமைப்பின் மாத இதழில் ஒரு வருஷத்துக்கு மாணவர் பக்கம். மாதா மாதம் எழுதலாம்.

கட்டுரைகள் ஈமெயிலில் வந்து குவிந்தன. திறந்தேன்...

'இன்றைய டிஜிட்டல் யுகத்தில் பயணம் என்பது மனித வாழ்வின் இன்றியமையாத அங்கமாகும்.' இது இடப்பள்ளியிலிருந்து ஒரு பையன். 'பயணம் என்பது வெறும் இடமாற்றமல்ல, அது ஓர் அனுபவம்.' இது திருப்பூணித்துறை. எல்லாக் கட்டுரையும் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தது போல இருந்தது. கடைசிப் பத்தி எல்லாவற்றிலும் 'முடிவாக' என்று தொடங்கியது. யார் எந்த வழியாகப் போகிறார்கள் என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை. இடப்பள்ளிப் பையன் அந்த ஜங்ஷனின் டிராஃபிக்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை என்றால், அவன் அங்கே வசிக்கிறான் என்றே நான் நம்பத் தயாரில்லை.

பிறகு ஒன்றைத் திறந்தேன்.

'எங்க அப்பா கொச்சங்காடி கோடவுன்ல இருந்து சுக்கு மூட்டை ஏத்தற பெட்டி ஓட்டோ ஓட்டறார். அவர் சட்டையைத் துவைக்கிற அன்னைக்கு வீட்ல எல்லாருக்கும் தும்மல். நான் காலேஜ் பஸ் ஏறும்போது அந்தத் தும்மலும் கூட ஏறும். வெலிங்டன் தீவு வரைக்கும் வரும். ரெண்டாவது பாலம் தாண்டினாத்தான் நிக்கும். அதுக்கப்புறம் நான் யாரோட பொண்ணுன்னு பஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது.'

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஒற்றுப் பிழைகூட இல்லை. யார் இது என்று பேரைப் பார்த்தேன். அஞ்சு.

அஞ்சுவா!

எனக்கு மாவு கொண்டு வரும் பெண். அடுத்த சந்தில் அவள் அம்மா செல்வி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். செல்விக்குப் பொள்ளாச்சி. கல்யாணமாகி இங்கே வந்தவள். அஞ்சுவின் அப்பா குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கொச்சிதான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கல்லூரியில் இங்கிலீஷ்.

எனக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. அஞ்சுவுக்குத் தமிழ் வாசிக்க வராது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? மாவு கொண்டு வரும்போதெல்லாம் மேஜையில் கிடக்கும், நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்திரிகையைப் புரட்டி, என் ஃபோட்டோவைக் கண்டுபிடித்து, "ஆன்ட்டி வந்திட்டுண்டே!" என்று சிரிப்பாள். ஒரு வாரம் ஏதோ தவறில் ஃபோட்டோ விட்டுப்போயிற்று. என் பேர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "இந்த வாரம் ஆன்ட்டி எழுதலையா?" என்றாள்.

அந்தப் பெண்ணா பிழையில்லாமல் தமிழ்க் கட்டுரை எழுதினாள்? என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது?

அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. மெஷினிடம் 'கொஞ்சம் மனுஷங்க மாதிரி எழுது' என்று கேட்டால் அதுவும் எழுதுமாமே? இல்லை, பொள்ளாச்சியில் மாமா யாராவது எழுதிக் கொடுத்தாரா? அந்தச் சுக்குச் சட்டை உண்மையா? அதையும் விடவில்லை. கொச்சங்காடிப் பக்கம் காய்கறி வாங்கப் போனபோது அவள் அப்பாவின் ஓட்டோ அருகில் நின்று லேசாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். நான்கு தும்மல். சட்டை உண்மை. எழுத்து?

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை டைனிங் டேபிள். செல்வியிடம், "மாவை அஞ்சுகிட்டயே குடுத்து விடு" என்று சொல்லி வைத்தேன். வந்தவளை உட்காரச் சொன்னேன். வெள்ளைத் தாள். பேனா. ஃபோன் ஃப்ரிட்ஜ் மேல்.

"உங்க வீட்டு கிரைண்டரைப் பத்தி ஒரு பக்கம் எழுது."

"இப்பவா ஆன்ட்டி?"

"இப்பவேதான். தமிழ்ல."

என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் பயப்படவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சாயா போடுகிற சாக்கில் சமையலறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். எழுதினாள். நிறுத்தினாள். ஜன்னலைப் பார்த்தாள். எழுதியதை அடித்தாள். மூடியைக் கடித்தாள். மறுபடி அடித்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

டம்ளரோடு வந்து தாளைப் பார்த்தேன். முழுக்க மலையாளம்!

பிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு குதி குதித்தேன். பொய் சொல்வானேன்.

"தமிழ்ல எழுதச் சொன்னா மலையாளத்துல எழுதி வெச்சிருக்கே?"

"தமிழ்தான் ஆன்ட்டி. எழுத்துதான் மலையாளம். வாசிச்சு நோக்குங்க."

கடை போர்டும் கரன்ட் பில்லும் வாசித்து வாசித்து எனக்கும் மலையாள எழுத்து வரும். தாளைக் கையில் எடுத்தேன். எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தேன்.

'மத்தவங்க அலாரம் அடிச்சா முழிப்பாங்க. எங்க வீட்ல கிரைண்டர் நின்னா முழிப்போம். சத்தம் இருக்கிற வரைக்கும் அம்மா இருக்கான்னு அர்த்தம். நின்னா, என்னாச்சுன்னு எழுந்து நோக்கணும்.'

தமிழ்தான். அந்தச் சந்தில் பேசுகிற தமிழ். என் குரலில் கேட்டபோது, செல்வி வீட்டு வாசலில் நிற்பது போலவே இருந்தது.

அப்புறம்தான் முழுசாகச் சொன்னாள். எல்லாவற்றையும் இப்படி மலையாள எழுத்தில் கையால் எழுதுவாளாம். அடித்து, திருத்தி, சரியானதும் ஃபோனை எடுத்து வாசிப்பாளாம். அவள் வாசிக்க வாசிக்க ஃபோன் தமிழ் எழுத்தில் டைப் செய்யும். அதைச் செல்வி வாசித்துக் காட்டுவாள்.

"அம்மா எட்டாம் கிளாஸ் வரைக்கும் தமிழ் படிச்சதாக்கும். ஃபோன் வேற என்னமாவது போட்டிருந்தா, 'இது நீ சொன்னது இல்லடீ'ன்னு சொல்லுவா. மறுபடி சொல்லுவேன்."

"அப்ப ஃபோன் எழுதினதுதானே?"

"பின்னே? எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதே. ஃபோனுக்குக் கிரைண்டர் தெரியாதே."

ஃபோனை எடுத்துக் கொடுத்தேன். செய்து காட்டச் சொன்னேன். அவள் வாசித்தாள். திரையில் தமிழ் எழுத்து ஓடியது. தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், அது சொந்தமாக ஏதாவது சேர்க்கிறதா என்று. சேர்க்கவில்லை.

ஆனாலும் என்னை நம்ப வைத்தது திரை இல்லை. தாளில் அவள் அடித்து வைத்திருந்த வரி ஒன்று. 'அம்மா கஷ்டப்பட்டு மாவு அரைக்கிறாள்.' நல்ல வரிதானே? கேட்டேன்.

"அது எல்லாரும் எழுதுவாங்க ஆன்ட்டி. எங்கம்மா கஷ்டம்னு சொல்லவே மாட்டா. இந்த மழைக்கு மாவு பொங்கலைன்னு மட்டும்தான் சொல்லுவா."

எனக்கு அங்கேயே சந்தேகம் தீர்ந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது.

'எழுத்துத் திறனை வளர்த்துக்கொள்வது எப்படி? ஐந்து பாயின்ட்டில் சொல்லவும்' என்று கல்லூரி வாசகர்கள் எனக்கு அடிக்கடி மெயில் போடுகிறீர்கள். ஐந்து பாயின்ட் கேட்கிறவர்களை நான் நம்புவதில்லை. அந்தப் பாயின்ட்டுகள் எங்கே போய் யார் பேரில் வருமோ! என்னிடம் இருப்பது ஒன்றுதான். எழுதியதில் எது எல்லாரும் எழுதுவதோ, அதை அடியுங்கள். எந்த எழுத்தில் வேண்டுமானாலும் எழுதுங்கள், எந்த ஃபோனில் வேண்டுமானாலும் ஏற்றுங்கள்... அடிக்கிற வேலையை மட்டும் அடுத்தவரிடம் கொடுக்காதீர்கள். அடித்தல் திருத்தலே இல்லாத பக்கத்தைப் பார்த்தால், செவுள் வெளுத்த மீனைப் பார்த்த மாதிரி எனக்கு மூக்கு சுருங்கிவிடுகிறது.

அஞ்சு கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள். "ஆன்ட்டி எழுதறதை ஆன்ட்டியே டைப் பண்ணுவீங்களா?"

"இல்ல... நான் தாள்ல எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்புவேன். ஆபீஸ்ல டைப் பண்ணி, பிழை பார்ப்பாங்க."

"அப்ப ஆன்ட்டிக்கும் ஆளுண்டு!"

சாயா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

செயலாளரிடம் பேசினேன். "மெஷின்தானே மேடம் டைப் பண்ணியிருக்கு? ரூல்படி..." என்று இழுத்தார். விடவில்லை. யார் எழுதினார்கள் என்றுதான் ரூல் கேட்கிறது, யார் டைப் செய்தார்கள் என்று கேட்கவில்லை என்றேன். அரை மணி நேரம் வாதாடினேன். "சரி, உங்க பொறுப்பு" என்றார். அஞ்சு ஜெயித்தாள். செல்வி அந்த வாரம் மாவோடு கூடவே ஒரு கிண்ணம் சட்னியும் கொடுத்து விட்டாள். மாவும் கெட்டியாகவே இருந்தது.

இந்த வாரம் மாத இதழ் வந்தது. மாணவர் பக்கம். அஞ்சுவின் முதல் கட்டுரை, கிரைண்டர். ஆசையாகப் பிரித்தேன்.

'இன்றைய இயந்திரமயமான உலகில் தாயின் உழைப்பு ஈடு இணையற்றது. நறுமணம் கமழும் மட்டாஞ்சேரியில் என் தாய் கஷ்டப்பட்டு மாவு அரைக்கிறாள்...'

கடைசிப் பத்திக்குப் போனேன். 'முடிவாக.'

அடிப்பாவி! பக்கம் கிடைத்ததும் மெஷினிடம் போய்விட்டாளா? இவளுக்காகவா அரை மணி நேரம் வாதாடினேன்? கோபத்தில் செயலாளருக்குத்தான் முதலில் ஃபோன் போட்டேன், மன்னிப்புக் கேட்க.

அவர் குரலில் ஒரே உற்சாகம். "படிச்சீங்களா மேடம்? பொண்ணு ரொம்பப் பேச்சு வழக்குல எழுதியிருந்தா. அச்சுல வர்றதாச்சே... உட்கார்ந்து கொஞ்சம் செம்மைப்படுத்தினேன்."

"நீங்களா?"

"பின்ன? ராத்திரி முழிச்சு, என் கையாலேயே! மெஷின் கிஷின் எல்லாம் நமக்கு ஆகாது மேடம்."

ஃபோனை வைத்தேன். அந்த மெஷின் 'முடிவாக'வை யாரிடம் கற்றுக்கொண்டிருக்கும் என்று அப்போதுதான் பிடிபட்டது. நானோ, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்பான ஆளைக் காவல் காத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் பெல் அடித்தது. அஞ்சு. ஒரு கையில் மாவுத் தூக்கு. இன்னொரு கையில் இதழ். அம்மா வாசித்துக் காட்டினாளாம். கண் சிவந்திருந்தது. அவளை ஃபோன் இல்லாமல் உட்கார வைத்து, எந்த வாக்கியத்தை வரவழைக்க நான் அத்தனை பாடுபட்டேனோ, அதை இப்போது வாசற்படியில் நின்று தானாகவே சொன்னாள்.

"ஆன்ட்டி... இது நான் எழுதினது இல்ல."