பிலாத்துவில் நின்றுபோன பாடம்

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது. காஞ்சிபுரத்து மாதா கோயிலில், ஞானஸ்நானம் பெற வருகிற பெரியவர்களுக்கு விசுவாசப் பிரமாணம் என்ற ஜெபத்தை மனப்பாடம் செய்விப்பது என் வேலை. அந்தத் தவக்காலத்தில் ஐயம்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரி வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். எழுத்து தெரியாது. இந்த ஈஸ்டருக்காவது தலையில் தண்ணீர் விழுந்துவிடவேண்டும் என்று ஒரே தவிப்பு.

ஆனால் தினமும் தாமதம். பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடந்த கைம்பெண்ணுக்குப் புண் துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

"பாடம் முக்கியமா, கஞ்சி முக்கியமா யக்கா?"

"ரெண்டுந்தான் டீச்சரம்மா. கஞ்சி ஆறிப்பூடுதே!"

சோதிக்கிற நாளில் எழுந்து நின்றாள். பிரமாணத்தின் நடுவில், இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய பிலாத்துவின் பெயர் வரை வந்தாள். நின்றுபோயிற்று. முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் பிலாத்து.

"தறில குந்திக்கினா தானா வருதுமா. கால் மிதிக்க மிதிக்க வருது. இங்க நின்னா நாக்கு ஒட்டிக்குது."

"அப்ப தறியத் தூக்கிக்கினு வாயேன் கோயிலுக்கு!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாக அவளும் சிரித்தாள். நோட்டில் அவள் பெயருக்கு நேரே 'அடுத்த வருஷம்' என்று எழுதினேன்.

அடுத்த வருஷம் அவள் வரவில்லை.

வெகுகாலம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். ஆதிச் சபையில் பிரமாணத்தை எழுதித் தரமாட்டார்களாம். வாயால் கொடுத்து, வாயால் திரும்பக் கேட்பார்களாம். நானும் அப்படித்தானே செய்தேன் என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தைத் திருப்பினேன். தண்ணீருக்கு முன்னால் வேறொன்றும் விசாரிப்பார்களாம்: இவள் கைம்பெண்களை மதித்தாளா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாளா என்று.

தாமதமாய் வந்த ஒவ்வொரு நாளும் அவள் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். நான்தான் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி தெரியாத காலத்திலேயே எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. அவள் வராத அந்தத் தவக்காலத்தில், ஒரு மத்தியானம், ஐயம்பேட்டையில் இறங்கி அவள் வாசல் வரை போனேன். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. தறியோடு அவள் குரல். மிதிக்கு ஒரு சொல், குறுக்கே நாடா ஓட ஒரு சொல். பிலாத்துவைத் தாண்டியது. கல்லறையைத் தாண்டியது. ஆமென் வரை ஓர் இடத்திலும் அறுபடவில்லை.

கதவு திறந்துதான் கிடந்தது. 'தேறிட்ட யக்கா, வா' என்று சொல்ல அரை நிமிஷம் போதும். ஆனால் அதைச் சொன்னால் தோற்றது நான் என்றாகிவிடுமே.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.